பாப்-பங்க் எங்கிருந்து வந்தது? பீட் ஷெல்லி என்ற பாடகரை முன்வைத்து

பாப்-பங்க் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருபவை 1990களின் அமெரிக்கக் குழுக்கள்தாம். 1994இல் கிரீன் டே வெளியிட்ட ‘டூக்கி’, 1999இல் பிளிங்க்-182 வெளியிட்ட ‘எனிமா ஆஃப் தி ஸ்டேட்’ ஆகிய ஆல்பங்கள் உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அவற்றின் வழியாகவே இந்த இசைவகையின் பெயர் வீடுதோறும் தெரிந்த பெயராயிற்று. ஆனால் அந்தப் பாடல்களில் நாம் கேட்கும் ஒரு குறிப்பிட்ட சேர்மானம், அதாவது மூச்சுவிட நேரம் தராத வேகமும் நிறைவேறாத காதலின் ஏக்கமும் ஒரே பாட்டில் கலந்து நிற்பது, அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பே இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டர் நகரத்துக் குழு ஒன்றில் உருவாகிவிட்டது. அந்தக் குழுவின் பெயர் பஸ்காக்ஸ். அந்தச் சேர்மானத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அதன் பாடகரும் கிட்டார் கலைஞருமான பீட் ஷெல்லி. இந்த இசையை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு, அவருடைய பாடல்களை வைத்தே பாப்-பங்க் என்றால் என்ன என்பதை விளக்கிவிடலாம் என்று நான் நம்புகிறேன்.

முதலில் பங்க் எது என்று பார்ப்போம். 1970களின் நடுப்பகுதியில் ராக் இசை பெரிய அரங்குகளுக்குள் போய்விட்டிருந்தது. பத்து நிமிடம் நீளும் பாடல்கள், நெடிய கிட்டார் ஆலாபனைகள், விலையுயர்ந்த கருவிகள், பல ஆண்டுப் பயிற்சி ஆகியவை இல்லாமல் ஓர் இளைஞன் மேடை ஏறவே முடியாது என்ற நிலை. பங்க் அந்த நிலைக்கு எதிராக எழுந்தது. பாடல் இரண்டு அல்லது மூன்று நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும், கிட்டாரில் மூன்று கார்டுகள், அதாவது சுரக்கூட்டுகள், தெரிந்தால் போதும், இசைத்தட்டு நிறுவனம் கூப்பிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பவை அதன் நடைமுறைக் கொள்கைகள். பாடுபொருளோ பெரும்பாலும் கோபம்: வேலையின்மை, சலிப்பு, அரசு, முடியாட்சி, பெரியவர்களின் போலித்தனம்.

பாப் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, மீண்டும் மீண்டும் திரும்பிவரும் பல்லவி, பின்னணியில் இழையும் குரல்கள், பெரும்பாலும் காதல் என்ற ஒரே பாடுபொருள். பங்க் இளைஞர்கள் பலர் இதை வானொலியின் சர்க்கரைப்பாகு என்று ஒதுக்கினார்கள். அப்படியிருக்க இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதுதான் நம் கேள்வி.

இசையின் உள்ளே நுழைந்து பார்த்தால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும். கார்டு என்பது சாதாரணமாக மூன்று சுரங்களை ஒருங்கே மீட்டுவது. நம் முறையில் சொன்னால் சட்ஜமம், காந்தாரம், பஞ்சமம். இவற்றுள் காந்தாரம்தான் கார்டின் மனநிலையைத் தீர்மானிக்கிறது: அந்தர காந்தாரம் வந்தால் அது மேஜர் கார்டு, ஒலி வெளிச்சமாக இருக்கும், சாதாரண காந்தாரம் வந்தால் மைனர் கார்டு, ஒலியில் ஒரு வாட்டம் கூடிவிடும். பங்க் கிட்டார்காரர்கள் பலர் காந்தாரத்தை விட்டுவிட்டுச் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் ஒலிபெருக்கியில் முழு வேகத்தில் மீட்டினார்கள். கனமும் அடியும் கிடைத்தன. ஆனால் மகிழ்ச்சியா துயரமா என்று சொல்லாத ஒலி அது. ஷெல்லி அந்த வேகத்தையும் கனத்தையும் விட்டுக்கொடுக்காமல், மைனர் கார்டுகளை முழுமையாக உள்ளே கொண்டுவந்தார். அவற்றின்மேல் ஏறி இறங்கும் ஒரு நல்ல மெட்டைப் பாடினார். கோபம் மட்டுமே குடியிருந்த வீட்டில் துயரத்துக்கும் ஓர் அறை கிடைத்தது.

அவருடைய இயற்பெயர் பீட்டர் கேம்ப்பெல் மெக்நீஷ். 1955 ஏப்ரல் 17 அன்று லங்காஷயர் வட்டாரத்தில் பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த லீ என்ற ஊரில் பிறந்தார். தந்தை சுரங்கத்தில் ஃபிட்டர். தாய் முன்பு ஆலையில் வேலை பார்த்தவர். போல்ட்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது ஹோவர்ட் டிவோட்டோ என்ற பெயரில் பின்னர் அறியப்பட்ட சக மாணவரைச் சந்தித்தார். 1976 பிப்ரவரியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் குழுவைப் பற்றி இசை இதழொன்றில் வந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு இருவரும் தெற்கே பயணம் செய்து அக்குழுவின் நிகழ்ச்சியைக் கேட்டார்கள். திரும்பியதும் அந்தக் குழுவையே மான்செஸ்டருக்கு அழைத்து 1976 ஜூன் 4 அன்று லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் நிகழ்ச்சி நடத்தினார்கள். வந்திருந்தது சிறு கூட்டமே என்றாலும், பின்னாளில் ஜாய் டிவிஷன் குழுவை அமைத்த இளைஞர்கள் அதில் இருந்தார்கள். ஜூலை 20 அன்று அதே அரங்கில் பிஸ்டல்ஸ் மீண்டும் வந்தபோது பஸ்காக்ஸும் மேடை ஏறியது.

அந்த ஆண்டு இறுதியில் அவர்கள் செய்த காரியம் பங்க் வரலாற்றில் தனியிடம் பெற்றது. உறவினரிடமும் நண்பரிடமும் கடன் வாங்கிய ஏறத்தாழ 500 பவுண்டில், 1976 டிசம்பர் 28 அன்று ஒரே நாளில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். கடன் கொடுத்தவர்களில் ஷெல்லியின் தந்தையும் ஒருவர். 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற பெயரில், தாங்களே தொடங்கிய நியூ ஹார்மோன்ஸ் என்ற வெளியீட்டகத்தின் வழியாக முதலில் ஆயிரம் பிரதிகள் வெளியிட்டார்கள். பிரிட்டனில் ஒரு பங்க் குழு தானே பணம் போட்டுத் தானே வெளியிட்ட முதல் இசைத்தட்டு இதுதான். அட்டையின் பின்புறத்தில், எந்தப் பாடல் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, பிறகு அதன்மேல் எவ்வளவு ஒலி சேர்க்கப்பட்டது என்பதையும் அச்சிட்டிருந்தார்கள். இசைத்தட்டு செய்வது மந்திரவித்தை அன்று, எவரும் செய்யலாம் என்று வாங்குபவருக்கே கணக்குக் காட்டிய செயல் அது. எனக்கு இந்த அட்டை ஓர் அறிக்கையைப் போலவே தோன்றுகிறது. அந்தத் தட்டிலுள்ள ‘போர்டம்’ பாடலில் ஷெல்லி வாசிக்கும் கிட்டார் தனியில் இரண்டே சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. சலிப்பைப் பற்றிய பாட்டில் சலிப்பையே ஒலியாக்கிய அந்த இரண்டு சுரங்களில், வாசிப்புத் திறமையைவிடப் பாட்டின் கருத்துதான் பெரிது என்று எண்ணிய ஓர் இசையமைப்பாளர் தெரிகிறார்.

இதுவரை பாடியவர் டிவோட்டோ. தட்டு வெளியான சில வாரங்களிலேயே அவர் விலகிவிட்டார். ஷெல்லி கிட்டாரோடு பாடும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார், வாசித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் டிகிள் இரண்டாவது கிட்டாருக்கு மாறினார். டிரம்ஸில் ஜான் மஹர் தொடர்ந்தார். சில மாதங்களில் ஸ்டீவ் கார்வி பேஸ் வாசிக்க வந்து சேர்ந்தார். இந்த மாற்றம் நிகழாமல் இருந்திருந்தால் பஸ்காக்ஸ் ஒரு கூர்மையான பங்க் குழுவாக நின்றிருக்கும், பாப்-பங்கின் கதையில் இவ்வளவு பெரிய இடம் பெற்றிருக்காது என்பது என் கணிப்பு. ஏனென்றால் எல்லாவற்றையும் மாற்றியது ஷெல்லியின் குரல்தான்.

அன்றைய பங்க் பாடகர்கள் பெரும்பாலும் சீறினார்கள், அல்லது கேலியாக இழுத்துப் பேசினார்கள். ஷெல்லியின் குரல் மெலிந்தது, உச்சத்தில் சற்று நடுங்குவது, வடக்கு இங்கிலாந்துப் பேச்சுவழக்கை மறைக்காதது. எவரையும் மிரட்ட முடியாத குரல் அது. அந்தக் குரலில் அவர் பாடியது, தான் விரும்பியவர் தன்னை விரும்பவில்லை என்பதை. இரவில் தூக்கம் வரவில்லை என்பதை. எல்லோருக்கும் கிடைக்கும் அன்பு எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்பதை. 1978 பிப்ரவரியில் வெளியான ‘வாட் டு ஐ கெட்?’ முழுவதும் இந்த ஒரே முறையீடுதான். நம் இலக்கணிகள் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றார்கள். ஷெல்லியின் பாடல்களில் பாதியை அந்தப் பெயரின்கீழ் அடுக்கிவிடலாம்.

ஆனால் இந்தத் துயரம் மெதுவாகச் சொல்லப்படுவதில்லை. சோகப் பாட்டு என்றால் தாளம் தளர்ந்து, இசை இழைந்து வரும் என்ற எதிர்பார்ப்பை அவர் முற்றிலும் புறக்கணித்தார். மஹரின் டிரம்ஸ் துரத்திக்கொண்டு வரும், இரண்டு கிட்டார்களும் ஒரே சுவராக எழும்பும், அந்த இரைச்சலுக்கு நடுவே ஒருவன் தன் ஏமாற்றத்தை ஒளிவுமறைவின்றி, சுருக்கமாக, ஏறக்குறைய பேச்சுமொழியிலேயே சொல்லிக்கொண்டு ஓடுவான். வேகம் துயரத்தைக் குறைப்பதில்லை. அழுதுகொண்டிருக்க நேரமில்லாதவனின் துயரமாக அதை ஆக்குகிறது. பாப்-பங்க் என்ற வகையின் உயிர்நிலை இதுதான் என்பேன். பங்கைச் சற்று இனிப்பாக்கினால் பாப்-பங்க் வந்துவிடும் என்ற பொதுவான எண்ணம் சரியன்று. பாப் இசை நூறு முறை பாடித் தேய்த்துவிட்ட காதல் என்ற பொருளை எடுத்து, பங்கின் நேர்மையோடு, அலங்காரமின்றி, தோற்றவனின் பக்கத்திலிருந்து சொன்னது பஸ்காக்ஸ்.

அவருடைய மிகப் புகழ்பெற்ற பாடல் உருவான விதத்தில் இது இன்னும் தெளிவாகும். 1977 நவம்பரில் சுற்றுப்பயணத்தின்போது எடின்பரோ நகரில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார்கள். தொலைக்காட்சியில் ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ என்ற பழைய இசைத் திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. காதலிக்கக் கூடாத ஒருவரைக் காதலிப்பது பற்றி அதில் வந்த ஒரு வசனம் ஷெல்லியின் காதில் விழுந்து தங்கிவிட்டது. மறுநாள் அஞ்சலகம் ஒன்றின் முன் நின்ற வேனில் உட்கார்ந்து அந்த வசனத்தையே கேள்வியாக்கிப் பாட்டை எழுதினார். ‘எவர் ஃபாலன் இன் லவ்’ என்று தலைப்புத் தொடங்கும் அந்தப் பாடல் 1978 செப்டம்பரில் வெளியாகிப் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்தை எட்டியது. பாட்டின் அடிப்படைச் சுருதி மேஜரில் அமைந்திருக்க, சரணமும் பல்லவியும் மைனர் கார்டிலேயே காலெடுத்து வைக்கின்றன. ஆகவே மெட்டு நம்மை உற்சாகமாகக் கூடப் பாட வைக்கும்போதே அடியில் ஏதோ சரியில்லை என்ற உணர்வு ஓடிக்கொண்டே இருக்கிறது. பல்லவி ஒரே கேள்விதான். அதற்குப் பதில் பாட்டில் எங்கும் இல்லை.

இந்தப் பாடல்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ் வாசகர்களுக்கு அதை எளிதில் உணர்த்திவிடலாம். தமிழில் ‘நான் வந்தேன்’, ‘நீ வந்தாய்’ என்றால் ஆணா பெண்ணா என்று வினைச்சொல் காட்டாது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று படர்க்கைக்குப் போனால்தான் பால் வெளிப்படும். ஆங்கிலத்திலும் தன்மை, முன்னிலைச் சொற்களுக்குப் பால் கிடையாது. ஷெல்லி தம் காதல் பாடல்களைப் பெரும்பாலும் ‘நான்’, ‘நீ’ என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டார். அவர் இருபாலீர்ப்பு உடையவர். அதை மறைக்கவும் இல்லை. பாட்டைக் கேட்பவர் ஆணாயினும் பெண்ணாயினும், யாரை விரும்புபவராயினும், அந்த ‘நான்’ தாமாகவே ஆகிவிடலாம். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையேயான உறவு குற்றம் அல்ல என்று சட்டம் வந்தது 1967இல்தான், அதுவும் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அந்தச் சூழலில், முழக்கம் எதுவும் இல்லாமல், ஒரு பிரதிப்பெயரைத் தேர்ந்தெடுத்ததன் மூலமே கதவைத் திறந்துவைத்த செயல் என்னை இன்றும் நெகிழச் செய்கிறது. 1981இல் தனியாக வெளியிட்ட ‘ஹோமோசேப்பியன்’ பாடலில் இன்னும் வெளிப்படையாகப் பாடினார். பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்தது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வேகமான கிட்டாரையும் பழைய பாப் மெட்டையும் முதலில் இணைத்தவர்கள் நியூயார்க்கின் ரமோன்ஸ் அல்லவா? உண்மைதான். 1976 ஏப்ரலில் வெளியான அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடங்கள்; 1960களின் பெண்கள் குழுக்களின் இசையும் கலிஃபோர்னியக் கடற்கரைப் பாடல்களும் அவற்றின் அடியில் ஓடுகின்றன. ஒலியைப் பொறுத்தவரை பாப்-பங்கின் எலும்புக்கூடு அவர்களுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ரமோன்ஸ் ஒரு முகமூடியோடு நின்றார்கள்: நால்வருக்கும் ஒரே குடும்பப்பெயர், ஒரே தோல் சட்டை, படக்கதையில் வருவது போன்ற பாத்திரங்கள். காதலைப் பாடும்போதும் ஒரு விளையாட்டு இடையில் நிற்கும். ஷெல்லியிடம் அந்தத் திரை இல்லை. வடக்கு அயர்லாந்தின் டெரி நகரத்து அண்டர்டோன்ஸ் குழுவும் அதே 1978இல் இளமைக் காதலைப் பங்க் வேகத்தில் பாடியது. ஆகவே இந்த வகையை ஒருவர் மட்டும் கண்டுபிடித்தார் என்று சொல்வது வரலாறாகாது. பாப்-பங்க் பிற்காலத்தில் தனக்கென வைத்துக்கொண்ட குரல், அதாவது தன் பலவீனத்தைத் தானே சொல்லிக்கொண்டு ஓடும் குரல், ஷெல்லியிடமிருந்து வந்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

அந்தக் குரல் அட்லாண்டிக்கைக் கடந்தது ஒரு தொகுப்பின் மூலம். குழு 1977 ஆகஸ்ட் 16 அன்று, எல்விஸ் பிரெஸ்லி இறந்த அதே நாளில், யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தது. அதன்பின் 1979 வரை மார்ட்டின் ரஷென்ட் ஒலிப்பதிவை நெறிப்படுத்த, எட்டுச் சிங்கிள்கள், அதாவது முன்பக்கம் ஒரு பாட்டும் பின்பக்கம் ஒரு பாட்டுமாக வரும் சிறு தட்டுகள், வெளிவந்தன. 1979இல் அமெரிக்காவுக்கென்று அவை ‘சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி’ என்ற ஒரே ஆல்பமாகத் தொகுக்கப்பட்டன. எட்டின் முன்பக்கப் பாடல்களும் வெளியான வரிசையிலேயே ஆல்பத்தின் ஒரு பக்கத்தில். பின்பக்கப் பாடல்கள் எட்டும் மறுபக்கத்தில். தொகுப்பு என்றாலும், ஒரே மூச்சில் எழுதப்பட்டது போன்ற ஒருமை அதற்கு உண்டு. அமெரிக்க இளைஞர்கள் பலர் பஸ்காக்ஸை அறிந்தது இந்தத் தட்டின் வழியாகத்தான். 1982இல் கலிஃபோர்னியாவின் டிசெண்டன்ட்ஸ் குழு வெளியிட்ட முதல் ஆல்பத்தில், மூர்க்கமான வேகத்தில் காதல் தோல்வியைப் பாடும் அதே முறை அமெரிக்கப் பேச்சில் ஒலித்தது. அங்கிருந்து கிரீன் டேக்கு வரும் பாதை நேரானது.

குழு 1981இல் கலைந்து 1989இல் மீண்டும் கூடியது. இடையில் ஃபைன் யங் கேனிபல்ஸ் என்ற குழு ‘எவர் ஃபாலன் இன் லவ்’ பாடலை மெதுவான நடன இசையாக மாற்றிப் பாடி, மூலப் பாடலையும் தாண்டிப் பிரிட்டிஷ் பட்டியலில் 9ஆம் இடம்வரை கொண்டுசென்றது. வேகத்தை முழுதாகக் களைந்த பிறகும் மெட்டு நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1994இல் அமெரிக்காவின் நிர்வாணா என்ற ராக் குழு தன் கடைசி ஐரோப்பியப் பயணத்தில் பஸ்காக்ஸைத் துணைக்கு அழைத்துச் சென்றது. ஷெல்லி 2018 டிசம்பர் 6 அன்று, தாம் குடியேறியிருந்த எஸ்தோனியாவின் தாலின் நகரில், 63ஆம் வயதில் காலமானார்.

புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் அந்தத் தொகுப்பின் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். முதல் முறை சொற்களைக் கவனிக்காமல் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். மஹர் எங்கும் ஒரே அடியில் நிற்பதில்லை, ஒவ்வொரு வரிக்கும் இடையில் உருட்டிக்கொண்டே இருப்பார். இரண்டாம் முறை பின்னணிக் குரல்களைக் கேளுங்கள். 1960களின் பாப் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும். ‘லவ் யூ மோர்’ வரும்போது மட்டும் சற்று விழிப்பாக இருங்கள். இரண்டு நிமிடத்தைக்கூட எட்டாத அந்தப் பாட்டு, இனி உன்னைவிட எவரையும் நேசிக்க மாட்டேன் என்ற வாக்குறுதியில் ஏறிக்கொண்டே போய், சவரக்கத்தியைக் குறிக்கும் கடைசி வரியில் கத்தியால் அறுத்தது போலவே நின்றுவிடுகிறது. மறுபக்கத்தின் இறுதிப்பகுதியில் ஆறு நிமிடத்துக்கும் மேல் நீளும் ‘ஒய் காண்ட் ஐ டச் இட்?’ இருக்கிறது. ஒரே பேஸ் இழை சுற்றிச் சுற்றி வரும் அந்தப் பாட்டில் ஜெர்மனியின் கேன் குழுமீது ஷெல்லி வைத்திருந்த காதல் தெரியும். அதை முதல் நாளே கேட்க வேண்டியதில்லை; முன்பக்கத்து எட்டுப் பாடல்களும் மனப்பாடமான பிறகு கேளுங்கள்.